யாரையும் சுடாத துப்பாக்கி

பையை மேலே வைக்கட்டுமா என்று கேட்டீர்களே, அதற்கே நன்றி தம்பி. வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். நீளம்தான், கனம் அவ்வளவு இல்லை. நீங்கள் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருங்கள், நான் இந்த ஓரத்தில் இருந்துகொள்கிறேன். எனக்குக் கால் நீட்ட வேண்டும்.

நீங்கள் முத்தேனள்ளிக்கு டிக்கெட் வாங்கும்போதே கேட்க வேண்டும் என்று இருந்தேன். தீர்த்தகிரி வீடு தெரியுமா என்றதும், "எங்க தெருதாங்க, ஸ்கூலுக்குப் பின்னாடி புதுசா கட்டிக்கினு வந்துட்டாரு" என்று பட்டென்று சொன்னீர்கள் பாருங்கள், மனசுக்கு நிம்மதியாக இருந்தது. எனக்குப் பழைய வீட்டுக்குத்தான் வழி தெரியும். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது அவன் என்னைக் கூப்பிடவில்லை. பத்திரிகை தபாலில் தொலைந்திருக்கும் என்றான். இருக்கலாம். நீங்கள் பால் சொசைட்டியில் எழுத்து வேலை என்கிறீர்கள். அப்படியானால் எல்லா வீட்டுக்கும் போக்குவரத்து இருக்கும்.

தீர்த்தகிரி எனக்கு மச்சான். என் வீட்டுக்காரி பெருமா அவனுடைய அக்கா. நாலு நாளாக அங்கேதான் இருக்கிறாள். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

பையில் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. கண்டக்டர் கேட்டார். பைப்பு என்றேன். பொய் இல்லையே, இரண்டு பைப்புதான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? துப்பாக்கி தம்பி. இரட்டைக்குழல். ஏன் இப்படி ஒடுங்குகிறீர்கள், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். லைசென்ஸ் இருக்கிறது, வேடியப்பன் என்று பெயர், போட்டோ, கலெக்டர் ஆபீஸ் முத்திரை எல்லாம் இருக்கிறது. ஆளில்லாத வீட்டில் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அது சட்டம். வீட்டில் ஆள் இல்லை. ஏன் இல்லை? அவள் இங்கே வந்துவிட்டாள். அப்படியென்றால் அவளைக் கூப்பிடப் போகிற இடத்துக்கு இதுவும் கூட வந்துதானே ஆக வேண்டும்? சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் தூக்கி வருகிறேன். தோட்டாவும் அப்படித்தான். அஞ்சு இருக்கிறது. அதையும் வீட்டில் போட்டுவிட்டு வர முடியாது.

நான் கோபமாக வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முகம் இயற்கையிலேயே இப்படி. பூ வாங்கியிருக்கிறேன், மிக்சர் வாங்கியிருக்கிறேன், ஒரு சீப்புப் பழம் வாங்கியிருக்கிறேன். கோபமாக வருகிறவன் பழம் வாங்குவானா?

இந்தத் துப்பாக்கியைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். தீர்த்தகிரியும் பேசியிருப்பான். அதனால் என் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். இது வெளிநாட்டுச் சரக்கு கிடையாது. பெரிய பண்ணைக்காரர்கள் வைத்திருப்பார்களே, வெள்ளிப் பட்டையும் மான் படமும் செதுக்கினது, அது இல்லை. நம்ம நாட்டிலேயே செய்தது. ஏழை பாழைகள் வாங்குவதற்கென்றே செய்தது. அடிக்கட்டை சாதா மரம். ஒரு பக்கம் விரிசல் விட்டு, செப்புக் கம்பியால் சுற்றியிருக்கும். ஆனால் குழல் சுத்தம். அதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பா வாங்குவதற்கு முன்னால் இரண்டு கை மாறியிருக்கிறது. முதலில் சேலத்துப் பக்கம் ஒரு மரக் கான்ட்ராக்டர். அவர் வீட்டம்மா கிணற்றில் விழுந்து இறந்துபோனார். இதில் துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லை, அன்றைக்கு அதில் தோட்டாகூடப் போடவில்லை என்று விற்ற கடைக்காரரே அப்பாவிடம் சொன்னாராம். அதற்கப்புறம் ஒரு பேங்க் வாட்ச்மேன். பன்னிரண்டு வருஷம் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார், ஒரு வெடி வெடித்ததில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் மீசை முளைத்ததுமே ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள், கடைசிக் காலத்தில் சோறு போடவும் ஆள் இல்லை. அதற்கும் துப்பாக்கி என்ன செய்யும்? மூன்றாவது எங்கள் அப்பா. நாலாவது நான். இத்தனை வருஷத்தில் இது ஒரு மனுஷனைச் சுட்டதில்லை தம்பி. ஒரு சொட்டு மனுஷ ரத்தம் இதன் கணக்கில் கிடையாது. இவ்வளவு நல்ல பெயரோடு ஒரு துப்பாக்கியை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது.

அப்பா ஏன் வாங்கினார் என்றால், காட்டுப்பன்றிக்கு. லைசென்சில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, பயிர் பாதுகாப்பு. எங்கள் நிலம் மலையடிவாரம். கடலை போட்டாலும் மரவள்ளி போட்டாலும் பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும். ஆனால் உண்மையான காரணம் பன்றி இல்லை. எங்கள் ஊரில் ஒரு மணியக்காரர் இருந்தார். வாய்க்கால் தண்ணீர் தகராறில் அப்பாவைக் களத்துமேட்டில் நிற்கவைத்துத் தலையில் கல் வைத்தார். பகல் முழுக்க. எங்கள் அம்மா கூழ் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு அழுதாள். அந்த வழியாகப் போனவர்கள் எல்லாம் ஆட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். நான் பார்த்தேன். எனக்குப் பதினாலு வயசு.

இரண்டு வருஷம் கழித்து அப்பா உழவு மாட்டு ஜோடியை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு இதை வாங்கி வந்தார். வந்த அன்றைக்கே தோளில் போட்டுக்கொண்டு மணியக்காரர் தெரு வழியாக ஒரு நடை போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனார், வந்தார். மறுநாள் வாய்க்காலில் எங்கள் பங்குத் தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் டேய் என்று கூப்பிட்டவர்கள் வாங்க என்றார்கள். மாடு இல்லாமல் எங்கள் காட்டைக் கூலி ஏர் வைத்துத்தான் உழுதோம், அது வேறு. ஆனால் வாங்க என்றார்கள். என் உயரத்தைப் பார்க்கிறீர்கள் இல்லையா. அஞ்சடி. அப்பா இன்னும் குள்ளம். எங்களைப் போல ஆளுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிசு என்பது உயரமாகப் பிறந்தவர்களுக்குத் தெரியாது.

அப்பா காலமானதும் என் பெயருக்கு மாற்றினேன். பெருமாவைக் கட்டி அப்போது ஒரு வருஷம். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இரண்டு முளையில் தொங்கியது. கண்ணுக்கு நேராக. சோறாக்கும்போது தலையைத் தூக்கினால் தெரியும். அது வேண்டுமென்று மாட்டினது இல்லை, அங்கேதான் சுவர் உலர்ந்திருக்கும். துரு பிடிக்காது.

நான் எத்தனை முறை வெடித்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சட்டப்படி பன்றியைச் சுடக் கூடாது. வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டலாம். அப்படி ஒரு பத்துப் பதினைந்து முறை. ஒரு தடவை நாய். பெருமா வளர்த்தது. ஓயாமல் குரைக்கும், நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் நாய் வளர்க்கவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவள், சுகந்தி, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரு நாள் அடம் பிடித்தாள். நான் கை ஓங்கவில்லை. கத்தவில்லை. துப்பாக்கியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு, உட்காரும்மா பேசலாம் என்றேன். அவ்வளவுதான். கட்டில்மேல் வைத்துக்கொண்டு பேசுவது குற்றமா? சரியென்று சொல்லிவிட்டாள். கல்யாணம் நல்லபடி நடந்தது. நாலு வருஷமாக அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றால், மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பதில்லை. கம்பெனி வேலை.

பெருமாவுக்கு இதன்மேல் வெறுப்பு என்று தீர்த்தகிரி சொல்கிறான். நான் நம்பமாட்டேன். அமாவாசைக்கு அமாவாசை இதைத் துடைப்பேன். கட்டையை மடக்கிவிட்டால் குழல் இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். உள்ளே துரு, கரி எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றால் ஒரு முனையில் வெளிச்சம் வேண்டும். எங்கள் வீடு இருட்டு வீடு. அதனால் அந்த முனையில் பெருமா ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமாக உட்காருவாள். நான் இந்த முனையில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். தாள் கொஞ்சம் விலகினால் அவள் முகம் தெரியும். சின்னதாக, காசு அளவுக்கு வட்டமாக, ரொம்பத் தெளிவாக. முப்பத்திரண்டு வருஷம் தம்பி. துப்பாக்கி வீட்டில் இருந்தவரை ஒரு அமாவாசை தவறினதில்லை. காய்ச்சல் என்றாலும் வந்து உட்காருவாள். ஆரம்பத்தில் தாள் நடுங்கும். அப்புறம் அப்புறம் நடுக்கமே இல்லை, கல் மாதிரி பிடிப்பாள். எந்தப் புருஷன் பெண்டாட்டி முகத்தை இத்தனை வருஷம் இவ்வளவு உற்றுப் பார்த்திருப்பான், சொல்லுங்கள்.

அப்படி இருந்த வீடு. கெட்டது இந்த எலெக்ஷனால்.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எலெக்ஷன் தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்தபின் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் நடப்பதுதான். முன்னெல்லாம் பத்து நாள், பதினைந்து நாளில் கைக்கு வந்துவிடும். இந்தமுறை இரண்டு மாசமும் பத்து நாளும் இழுத்துவிட்டது. ஸ்டேஷன் புளிய மரத்தடியில் பதினொரு பேர் பதினொரு துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தோம். ரைட்டர் ஒவ்வொன்றாக வாங்கி, நம்பரைப் பார்த்து, அட்டை கட்டி, ரோஸ் கலரில் ஒரு ரசீது கிழித்துக் கொடுத்தார். வெறுங்கையோடு திரும்பி நடந்தேன் பாருங்கள், தோள் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் பார்க்கிறேன், பெருமா மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள். முப்பத்திரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தவள். குறட்டை வேறு. காலையில் நூறு நாள் வேலைக்குப் போகிறாள், பத்துப் பெண்களோடு பேசிக்கொண்டு திரும்பி வருகிறாள். அவள் சிரித்தால் கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் உள்ளே வந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். என் வீட்டில். ஒரு நாள் குழம்பு போதவில்லை என்றேன். "அவ்ளோதான் இருக்குது. தண்ணி ஊத்திக்கோங்க" என்றாள். நான் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்க்கிறேன். துப்பாக்கி தொங்கின முளையில் வெங்காயக் கொத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் அந்த வெங்காயத்தைப் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

சுகந்திகூட அந்தச் சமயத்தில்தான் வந்தாள். நாலு வருஷம் கழித்து, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. லீவு கிடைத்ததாம். ஒன்பது நாள் இருந்தாள். தாயும் மகளும் விடிய விடியப் பேசினார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். பையன் மட்டும் என் மீசையைப் பிடித்து இழுப்பான். அந்த ஒன்பது நாளும் வீட்டில் ஒரு சத்தம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தச் சத்தத்தில் இடம் இல்லை தம்பி. தெருவில் எவனோ வண்டியை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போகிறான், எடுடா என்றால் மெதுவாக வந்து எடுக்கிறான். பன்றி இரண்டு முறை வந்து மரவள்ளியைத் தோண்டிப்போட்டது. மணியக்காரர் பேரன் எதிரில் வந்தான், வாங்க என்று சொல்லாமலே போனான். நான் ஒருவன்தான் கவனித்திருப்பேன். எனக்கு அது போதும்.

உங்கள் போன் அடிக்கிறது. விடுங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ரிசல்ட் வந்தது. யார் ஜெயித்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டால் ரசீது இல்லை. பெருமாவிடம் கேட்டேன். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். தலையைத் தூக்காமல் சொன்னாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பைப் பார்த்தேன். சாம்பலில் ரோஸ் கலரில் ஒரு ஓரம், சுருண்டு, நகத்தளவு. எலிதான் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. நான் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறவன் இல்லை. உங்களுக்குச் சிரிப்பு வரவில்லையா? எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் போகாதவள், பாவம். ரசீது இல்லையென்றால் துப்பாக்கியும் இல்லை என்று நினைத்திருக்கிறாள். ரேஷன் கடையில் அப்படித்தானே, கார்டு இல்லையென்றால் அரிசி இல்லை. அவளுக்குத் தெரிந்த உலகம் அது. ஸ்டேஷனில் ரெஜிஸ்தர் என்று ஒன்று இருக்கிறது, அதில் நம்பரோடு எழுதியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

ரசீது தொலைந்தால் வீட்டில் இன்னொருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ரைட்டர் சொன்னார். பெருமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரோஸ்லின் என்று ஒரு ஏட்டம்மா. ரெஜிஸ்தரைப் பார்த்தாள், பெருமாவைப் பார்த்தாள், என்னை வெளியே போய் நிற்கச் சொன்னாள். ஏன் என்றேன். "நிக்கச் சொன்னா நில்லுங்க" என்றாள். சரி, போலீஸ் இல்லையா. போய் ஜன்னலோரமாக நின்றேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"வீட்ல அது இருக்கறது உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஒரே வார்த்தை. நான் எழுதி மேல அனுப்பறேன். அதுக்கப்புறம் அது உங்க வூட்டுக்கு வராது" என்றாள் அந்த ஏட்டம்மா.

பெருமா மேஜையைப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றிருந்தேன்.

"குடுத்துடுங்க மேடம்" என்றாள். "அது இல்லாம அவருக்குத் தூக்கம் வர்றதில்ல."

கேட்டீர்களா தம்பி? என் தூக்கத்தைப் பற்றி யோசித்திருக்கிறாள். வெறுக்கிறவள் சொல்கிற சொல்லா இது? ஏட்டம்மாதான் ஏதோ துண்டுச் சீட்டில் போன் நம்பர் எழுதி அவள் கையில் திணித்தாள். வெளியே வந்ததும் அந்தச் சீட்டை நானே வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டேன். அவள் எங்கேயாவது தொலைத்துவிடுவாள்.

வர்ற திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். திங்கட்கிழமை காலையில் போனேன், வாங்கினேன், ஒரு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில். உள்ளே சோறு ஆக்கி மூடிவைத்திருந்தாள், சூடுகூட ஆறவில்லை. குழம்பு நிறைய இருந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்தேன். வெங்காயத்தை அவிழ்த்துவிட்டு இரண்டு முளையையும் ஈரத்துணியால் துடைத்துவைத்திருந்தாள். இவ்வளவு மரியாதையாக எடுத்துவைத்துவிட்டுப் போகிறவளை ஓடிப்போனவள் என்று சொல்ல முடியுமா? கொஞ்ச நாள் தன் தம்பி வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் தீர்த்தகிரி போன் செய்தான். "அக்கா இங்கதான் இருக்குது மாமா. இருக்கட்டும். நீங்க வராதீங்க" என்றான். வராதீங்க. அவன் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவன் நான். மூன்று நாள் பொறுத்தேன். நானே சோறாக்கிச் சாப்பிட்டேன். நேற்றைக்கு அமாவாசை. துப்பாக்கியை மடக்கி வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாள் பிடிக்க ஆள் இல்லை. குழலில் கண்ணை வைத்தால் எதிர்ச்சந்து தெரிகிறது, ஆடு போகிறது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் போன் போட்டு, அவளைப் பேசச் சொல் என்றேன். தீர்த்தகிரி முடியாது என்கிறான், பின்னால் அவள் குரல் கேட்கிறது, குடு என்கிறாள். வாங்கினாள். வா என்றேன்.

"அத வித்துடுங்க" என்றாள். "வித்துட்டு வந்து நில்லுங்க. நான் ஒரு வார்த்தை பேசாம உங்க பின்னாடி வர்றன். இருந்த மாதிரியே இருக்கறன். அது இருக்கற வூட்டுக்கு மட்டும் இனிமே நான் வரமாட்டன். என்னக் கொன்னாலும் வரமாட்டன்."

என்னைக் கொன்றாலும் என்கிறாள். பொம்பளைகள் வாயில் எப்படிப்பட்ட பேச்சு வருகிறது பாருங்கள். யார் யாரைக் கொல்லப்போகிறார்கள்?

நான் யோசிக்காமல் இல்லை. காலையில் எழுந்து யோசித்தேன். விற்றால் என்ன? கடையில் எடுத்துக்கொள்வார்கள். வெங்காயத்தைத் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும். சுகந்தி வருவாள், பையன் மீசையை இழுப்பான். அதையெல்லாம் யோசித்தேன். அப்புறம் நான் தெருவில் நடந்து போகிற மாதிரி யோசித்துப் பார்த்தேன். வெறுந்தோளோடு. மணியக்காரர் பேரன் எதிரில் வருகிறான். களத்துமேடு வரைக்கும் போகிறேன். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை தம்பி, தலைமேல் என்னவோ பாரமாக இருந்தது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

விற்கத் தேவையில்லை. அவளுக்கு இதைப் பற்றிச் சரியாகத் தெரியாததுதான் பிரச்சினை. தொங்கும்போதும் துடைக்கும்போதும்தான் பார்த்திருக்கிறாள், கையில் வாங்கினதே இல்லை. மடியில் வைத்துக் காட்டுவேன். இது வெறும் மரம், வெறும் இரும்பு, இத்தனை வருஷத்தில் யாரையாவது என்ன செய்திருக்கிறது என்று கேட்பேன். அவள் புரிந்துகொள்வாள். புரிந்துகொள்ளாமல் எங்கே போவாள்? ஒரு வீட்டில் அவள், இது, இரண்டில் ஒன்றுதான் இருக்கும் என்று அவள் சொன்னால், அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலை அவள்தான் சொல்ல வைக்கிறாள். நான் சொல்லவில்லை.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? இது முத்தேனள்ளி இல்லையே, முந்தின ஸ்டாப்பிங். இங்கே ஒரு வேலை இருக்கிறதா? இப்போதுதான் ஞாபகம் வந்ததா? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் தம்பி. உட்காருங்கள். நான் காலை மடக்கினால்தான் நீங்கள் வெளியே போக முடியும், எனக்கு முட்டி வலி.

அந்தப் போனை என்னிடம் கொடுங்கள். கொடுங்கள், சும்மா. இவ்வளவு நேரம் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தீர்கள், பார்க்காத மாதிரி இருந்தேன். யாருக்கு அனுப்பினீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். போயிருந்தால் போகட்டும், டவர் கிடைக்காத இடம்தான் இது, மலை மறைக்கிறது. உங்கள் கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது? வியர்வை வேறு. பசியா? ஒரு பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாருங்கள், உங்களால் எனக்கு ஒரு உபகாரம் ஆக வேண்டும். தீர்த்தகிரி இந்நேரம் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருப்பான், இல்லையா? நாலு மணிக்குப் போவான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வீட்டில் அவள் மட்டும் இருப்பாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருப்பாள். என் குரல் கேட்டால் திறக்கமாட்டாள், அவள் தம்பி அப்படிச் சொல்லிவைத்திருக்கிறான். உங்கள் குரல் அவளுக்குத் தெரியும். நாலு நாளாகத் தினமும் கேட்கிற குரல். அக்கா என்று கூப்பிடுவீர்களா, அம்மா என்றா? எப்போதும் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். நான் சுவர் ஓரமாக நின்றுகொள்கிறேன்.

ஏன் அழுகிறீர்கள் தம்பி? ஒரு பெண்டாட்டியைப் புருஷனோடு சேர்த்துவைக்கிறீர்கள். எவ்வளவு பெரிய காரியம்.

இதோ, ஸ்டாப்பிங் வந்துவிட்டது. பூப்பையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு கையும் வேண்டும். இறங்குங்கள். பார்த்து, படி உயரம். முன்னால் நடங்கள், நான் பின்னால் வருகிறேன். கூப்பிடும்போது மட்டும் குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.